மகன் என்று ஒரு வரி

செத்தவர்களுக்கு இணையத்தில் பக்கம் செய்வது என் தொழில். அப்படிச் சொன்னால் கேட்பவர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்கிறார், ஆகவே வெளியில் கம்ப்யூட்டர் வேலை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அதற்கு முன்பு ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் ஓர் அச்சகத்தில் இருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், கருமாதி அட்டை எல்லாவற்றுக்கும் எழுத்துக் கோத்து, படம் வைத்து, ஓரம் கட்டுவது என் பொறுப்பு. அச்சகத்தை மூடியபோது எனக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் அம்மாவும், சிறுநீரகம் பழுதாகிப்போன அப்பாவும். வேலை போன பெண்ணுக்கு ஊரே ஆலோசனை சொல்லும். நாசி லெமாக் சோறு விற்கச் சொன்னார்கள், டியூஷன் எடுக்கச் சொன்னார்கள், ஓர் அத்தை இனிமேலாவது கல்யாணம் செய்துகொள்ளச் சொன்னாள்.

உருப்படியாகப் பேசியவர் ஒருவர்தான். ஈப்போவில் ஈமச்சடங்கு சேவை நடத்துகிறவர். அட்டை அடிக்க அச்சகத்துக்கு அடிக்கடி வந்துபோனவர், என்னை ஞாபகம் வைத்துக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, இப்ப யாரு பேப்பர்ல சாவு போடறா? எல்லாம் ஹென்போன்லதான் பாக்குறானுங்க. ஒரு ஆளுக்கு ஒரு பேஜ். படம், பேரு, எடுக்குற நேரம், வீட்டுக்கு வர்ற வழி. லிங்க நான் குரூப்புல போட்டுவுட்டுருவேன். போலேவா?”

போலே என்றேன். முடியும் என்று தமிழில் சொல்வதைவிட அதைச் சொல்வது சுலபமாக இருந்தது.

எனக்கு நிரல் எழுத வராது. அதற்கு அவசியமும் இல்லை. கண்ணால் பார்த்தபடியே பக்கம் செய்யும் எடிட்டர் ஒன்று மடிக்கணினியில் இருந்தது. எழுத்தைத் தட்டினால் எழுத்து, படத்தை இழுத்து வைத்தால் படம். அச்சகத்தில் பழகிய கண்ணுக்கு அது போதும். முதல் சில பக்கங்களை ஒவ்வொன்றாகவே அலங்கரித்தேன். இந்தப் பக்கத்தில் ஓரம் தடிப்பு, அந்தப் பக்கத்தில் மெலிசு, ஒன்றில் குத்துவிளக்கு இடப்பக்கம், மற்றொன்றில் வலப்பக்கம். பார்த்துவிட்டு ஈமச்சடங்கு அண்ணே எரிச்சலானார். “சாவுக்கு எதுக்கு தங்கச்சி வித விதமா டிசைனு?” அதற்குப் பிறகுதான் ஸ்டைல் ஷீட்டை வெளியே எடுத்துத் தனிக் கோப்பாக வைத்துக்கொண்டேன்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பக்கத்தில் இருப்பது வெறும் சொற்களும் படமும். எழுத்து எவ்வளவு பெரியது, ஓரம் என்ன நிறம், எது எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தனிக் கோப்பில் இருக்கும். எல்லாப் பக்கங்களும் அதைக் கேட்டுத்தான் உடுத்திக்கொள்ளும். தோட்டத்தில் துரை ஒரு நிறம் சொன்னால் அத்தனை லயத்து வீடுகளுக்கும் அதே சுண்ணாம்பு அடிப்பார்களே, அது மாதிரி. ஷீட்டில் ஒரு வரியை மாற்றினால் அதுவரை செத்த எல்லாருடைய பக்கமும் மாறும்.

ஆனால் நான் மாற்றவே இல்லை. கறுப்பு ஓரம், மேலே விளக்கு, நடுவே படம், கீழே குடும்பத்தார். அண்ணேக்குப் பிடித்தது, குடும்பங்களுக்கும் பிடித்தது. ஷீட்டை ஆரம்பத்தில் ஒரு முறை இணையத்தில் ஏற்றியதோடு சரி. பிறகு யார் செத்தாலும் புதுப் பக்கத்தை மட்டும் ஏற்றுவேன். மாறாத ஒன்றை எதற்குத் திரும்பத் திரும்ப ஏற்றுவது? கை அப்படியே பழகிவிட்டது.

அப்பாவுக்கு இந்த வேலை மேல் ஒரு தனி ஆசை. டயாலிசிஸ் இல்லாத நாட்களில் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். “இந்தாளு நம்ம தோட்டத்துல கங்காணியா இருந்தவரோட மச்சான்” என்பார். “இந்தப் படத்துல சிரிக்கிறான் பாரு, உசுரோட இருக்கறப்ப ஒரு நாளு சிரிச்சதில்ல.” நானும் சிரிப்பேன். அம்மா மட்டும் சமையல் கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, பொழுது போன நேரத்தில் எழவு வேலை என்று முணுமுணுப்பாள்.

அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தாப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த தோட்டத்தில் லோரி ஓட்டினார். ரப்பர் பால்மரங்களைச் சாய்த்து செம்பனை வைத்தபோது லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். நாங்கள் ஈப்போவில் ஒரு பிளாட்டுக்கு வந்தோம். அப்பா தாப்பாவை விடவில்லை. மலையிலிருந்து காய்கறி இறக்கும் லோரிக்குப் போய்ச் சேர்ந்தார். வாரத்தில் பாதி நாள் வீட்டுக்கு வர மாட்டார். மலைப்பாதை, மழை, மண்சரிவு என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டார். அங்கே அவருக்கு இன்னொரு வீடு இருந்தது. அதில் ஒரு பெண்ணும் ஒரு பையனும் இருந்தார்கள்.

இது ரகசியமே இல்லை. தோட்டத்து ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு மட்டும் வராது, அவ்வளவுதான். அப்பா மேல் எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் கோபத்தை யாராவது முதலில் தொடங்க வேண்டுமே. அம்மாவே வாயைத் திறக்காதபோது நான் எப்படித் திறப்பது?

அந்தப் பெண் சில வருடங்களுக்கு முன்பு இறந்துவிட்டாள். அவளுக்கு நான் பக்கம் செய்யவில்லை, என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை. பையன், அதாவது என் தம்பி, தாப்பாவில் ஒரு டயர் கடையில் வேலை செய்தான். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் அவனிடம் முதல் முறையாகப் பேசினேன். அம்மா குளிக்க வீட்டுக்குப் போகும் நேரத்தை அவனுக்குச் சொல்லிவைத்தேன். தாப்பாவிலிருந்து பஸ் பிடித்து வந்தான். முப்பது வயது இருக்கும். அப்பாவின் அதே அகலமான நெற்றி, அதே சுருள் முடி. முடி மட்டும் அப்பாவுடையதைவிட அடர்த்தி. கையில் ஒரு பை நிறைய சாயோட்டேக் காயும் தக்காளியும்.

“அக்கா, இத வீட்டுக்குக் கொண்டு போங்க. எங்க வாங்குனதுன்னு சொல்லாதீங்க லா” என்றான்.

அன்று அவன் போன பிறகு அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஊசி ஏற்றி ஏற்றி அந்தக் கை முழுக்க முடிச்சு முடிச்சாக இருந்தது.

“எனக்கும் ஒரு பேஜ் செய்வ இல்ல?”

“பேச்சப் பாரு” என்றேன்.

“செய்வ. அதுல புள்ளைங்க பேரு போடறப்ப ரெண்டு பேரையும் போடு. அவனுக்கு இனிமே யாரும் இல்ல. எம்புள்ளன்னு ஒரு எடத்துலயாவது எழுதியிருக்கட்டும்.”

சரி என்றேன். சாகப்போகிறவரிடம் வேறு என்ன சொல்வது? ஆனால் வெறும் வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. மனதாரத்தான் சொன்னேன்.

அவர் போனது ஒரு காலை நேரம். அடுத்த நாள் பிற்பகல் எடுப்பதாக முடிவானது. “நீ செய்யாத தங்கச்சி, நான் வேற ஆள வச்சுப் பாத்துக்குறேன்” என்றார் அண்ணே. கேட்கவில்லை. வேறு யாராவது செய்தால் என் கை வெறுமனே இருக்கும், அதுதான் பயம். வரவேற்பறையில் பெட்டியை வைக்க இடம் செய்துகொண்டிருந்தார்கள். சமையல் கட்டு மேசையில் கணினியைத் திறந்தேன். அப்பாவின் படத்தை வைத்தேன். லோரியில் சாய்ந்து நிற்கும் படம், லோரியை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். கீழே மனைவி என்று அம்மா பெயர். மகள் என்று என் பெயர். மகன் என்று தம்பி பெயர். அடுத்து அண்ணன் மகன். காம்பாரில் யுனிவர்சிட்டி பிள்ளைகளுக்கு அறை வாடகைக்கு விடுகிற என் பெரியப்பா மகன் அவர். கொள்ளி வைக்கப்போகிறவர் அவர்தான் என்று பெரியவர்கள் அதற்குள் பேசி முடித்திருந்தார்கள். பெண் பிள்ளை வைக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அம்மா எப்போது பின்னால் வந்து நின்றாள் என்று தெரியாது. தோட்டத்துப் பள்ளியில் படித்தவள், திரையில் உள்ளதை எழுத்தெழுத்தாகப் படித்தாள். மூன்றாவது வரியில் நின்றாள்.

“இது என்ன?”

“அப்பா போடச் சொன்னாரும்மா.”

“அவரு சொல்லுவாரு. எடு.”

“அம்மா…”

“எடுடீ. எடுக்குறியா, இல்ல நான் வெளிய போயி உக்காந்துக்கவா? பொணத்த நீங்களே தூக்கிக்குங்க.”

அழிக்கும் விசையின் மேல் விரலை வைத்தேன். அழுத்த வரவில்லை. அப்பா உடம்பு இன்னும் ஆஸ்பத்திரி வண்டியில்தான் இருந்தது. அவர் கேட்ட ஒரே காரியம் இது. அதே நேரம் அம்மா மூச்சு என் கழுத்தில் படுகிறது. இரண்டு பேருக்கும் நல்ல பிள்ளையாக இருக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். அந்த வரியைத் தேர்ந்தெடுத்து அதற்கென்று ஒரு புது ஸ்டைல் போட்டேன். இந்தப் பக்கத்துக்கு மட்டுமா, ஸ்டைல் ஷீட்டிலா என்று எடிட்டர் கேட்டது. வழக்கம் போல ஷீட்டில் என்றேன். காட்டாதே என்று ஒரே ஒரு கட்டளை. வரி மறைந்தது. கீழே இருந்த வரி மேலே வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. பெயர் பக்கத்துக்குள்தான் இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியாது. அப்பாவுக்குக் கொடுத்த வாக்கும் இருக்கிறது, அம்மா சொன்னதும் நடந்துவிட்டது. அந்த நிமிடம் என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன் என்று சொன்னால் நம்புவீர்களா?

அம்மா இன்னொரு முறை படித்தாள். “ம்” என்றாள். பக்கத்தை ஏற்றிவிட்டு, சுட்டியை அண்ணேக்கு அனுப்பிவிட்டு, கணினியை மூடினேன். வண்டி வந்துவிட்டது என்று யாரோ கூப்பிட்டார்கள். அதற்கப்புறம் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க எனக்கு நேரமும் இல்லை, நினைப்பும் இல்லை.

மறுநாள் பிளாட்டின் கார் நிறுத்தும் இடத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். உறுமி மேளக்காரர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பழைய தோட்டத்து ஆட்கள் ஒரு வேன் பிடித்துக்கொண்டு தாப்பா பக்கத்திலிருந்து வந்தார்கள். தோட்டத்தில் அம்மாவுக்குப் பக்கத்து மர நிரையில் பால் வெட்டியவள் ஒருத்தி, இப்போது கிழவி, அம்மாவைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“ஒனக்குப் பெரிய மனசுடீ ஆத்தா. எவ செய்வா? ஊரு ஒலகத்துல எவ செய்வா?”

தான் என்ன செய்தோம் என்று அம்மாவுக்குப் புரியவில்லை. நோயாளியை இத்தனை வருடம் பார்த்துக்கொண்டதைச் சொல்கிறாள் என்று நினைத்திருப்பாள். அழுகையோடு தலையாட்டினாள். இன்னொருத்தி வந்தாள், அவளும் அதையே சொன்னாள். எனக்கும் அப்போது உறைக்கவில்லை.

முடி எடுக்கிறவர் பந்தல் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கத்தியைத் துடைத்துக்கொண்டு காம்பார் அண்ணனுக்காகக் காத்திருந்தார். அண்ணன் போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் தம்பி பந்தலுக்குள் வந்தான்.

முதலில் யாரென்று எனக்கே தெரியவில்லை. தலை மழுமழுவென்று மழித்திருந்தது. மீசையும் இல்லை. சுருள் முடி போன பிறகு அந்த அகலமான நெற்றி மட்டும் நின்றது, அப்பாவே நடந்து வருகிற மாதிரி. வெள்ளை வேட்டி கட்டி, தோளில் ஒரு வெள்ளைத் துண்டு. தாப்பாவிலேயே மொட்டை போட்டுக்கொண்டு, அப்படியே பஸ் ஏறி வந்திருக்கிறான். கூட்டம் தானாக விலகி அவனுக்கு வழிவிட்டது. மூத்த மகனோ ஒரே மகனோ வரும்போது வழிவிடுவார்களே, அப்படி. உறுமிக்காரர்கூட அடிப்பதை ஒரு கணம் நிறுத்தினார்.

அவன் நேராகப் பெட்டியிடம் போய் அப்பாவின் காலைத் தொட்டான். அழவில்லை. பிறகு திரும்பி அம்மாவிடம் வந்து கையைக் கூப்பினான்.

“வந்துட்டேன் பெரியம்மா. என்ன செய்யணும்னு சொல்லுங்க.”

அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். “யாருடா உன்ன மொட்ட போடச் சொன்னது?”

அவன் குழம்பிப் போனான். “பேரு போட்டிருந்தாங்களே பெரியம்மா. மகன்னு. புள்ளன்னா நான்தானேன்னு…”

“எவன் போட்டது? என் புருசன் சாவுக்கு நான் ஒவ்வொரு பேரா பாத்துப் போட்டேன். அதுல உன் பேரு இல்ல.”

“இருக்கு லா ஆத்தா” என்றாள் வேனில் வந்த கிழவி. “நாங்கள்ளாம் பாத்தமே. அதுக்குத்தானே பெரிய மனசுன்னு சொன்னேன்.”

அம்மா என் பக்கம் திரும்பினாள். “கொண்டா உன் கம்ப்யூட்டர.”

கொண்டுவந்தேன். கொண்டுவராமல் இருந்திருக்கலாம். சார்ஜ் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரம் எனக்குத் தோன்றவில்லை. பந்தலில், பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு நாற்காலியில் மடிக்கணினியை வைத்துத் திறந்தேன். பக்கம் வந்தது. மனைவி, மகள், அண்ணன் மகன். அம்மா விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் காட்டினாள்.

“பாருங்க. எல்லாரும் வந்து பாருங்க. எங்க இருக்கு இவன் பேரு?”

தம்பி திரையைப் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து தன் கைப்பேசியை எடுத்துப் பார்த்தான். முனை உடைந்த பழைய கைப்பேசி. அதைக் கணினிக்குப் பக்கத்தில் பிடித்தான். அதே கறுப்பு ஓரம், அதே விளக்கு, அதே அப்பா. மகள் என்ற வரிக்குக் கீழே மகன் என்று ஒரு வரி, என் பெயர் இருக்கும் அதே எழுத்தில், அதே அளவில்.

“அக்கா, இதுல இருக்கே” என்றான் என்னிடம்.

எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. பக்கத்தை ஏற்றினேன், ஷீட்டை ஏற்றவில்லை. மறைக்கச் சொன்ன கட்டளை என் கணினியில் இருந்த ஷீட்டில் மட்டும்தான் இருந்தது. இணையத்தில் கிடந்த பழைய ஷீட்டுக்கு எதையும் மறைக்கத் தெரியாது. ஆகவே எங்கள் வீட்டு மேசையில் மட்டும் அவன் இல்லாமல் இருந்தான். மற்ற எல்லார் கையிலும் இருந்தான்.

“நான்தாம்மா போட்டேன்” என்றேன். “அப்பா சொன்னாரு. அழிக்க மனசு வரல. மறைச்சு வச்சேன்.”

“போட்டியா, மறைச்சியா? ரெண்டுல எது?”

தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். போட்டேன் என்றபோது அவன் முகத்தில் வந்த ஏதோ ஒன்று, மறைச்சேன் என்றபோது போய்விட்டது. அதை நான் பார்த்தேன்.

ஈமச்சடங்கு அண்ணே நடுவில் வந்தார். சுடலையில் நேரம் வாங்கியிருக்கிறது, தாமதமானால் அடுத்த குடும்பம் வந்துவிடும் என்றார். யாரோ ஒரு பெரியவர், பையன் மொட்டை போட்டுவிட்டானே, அவனே செய்யட்டுமே என்று இழுத்தார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டார். காம்பார் அண்ணன் போனைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் போய் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். முடி எடுக்கிறவர் தண்ணீர் தெளித்தார்.

பந்தலில் இரண்டு மொட்டைத் தலைகள். ஒருவர் கொள்ளிக்குடத்தைத் தூக்கிப் பெட்டிக்கு முன்னால் நடந்தார். இன்னொருவன் கூட்டத்தின் வாலில் நடந்தான், செருப்பில்லாமல். தார் ரோடு கொதித்தது. எங்கள் சொந்தம் இல்லாத யாரோ ஒருவர் சுடலையில் அவனிடம் போய், நீங்கதான் மகனா, வாங்க, முன்னால வாங்க என்று கையைப் பிடித்து இழுத்தார். அவன் தலையை ஆட்டி மறுத்துவிட்டான். எரி உலையின் பொத்தானைக் காம்பார் அண்ணன் அழுத்தினார். கதவு மூடியது. நான் திரும்பிப் பார்த்தபோது தம்பி இல்லை. சாவுக்கு வந்தவர்கள் போய் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அவனைப் பொறுத்தவரை அது நல்ல வசதியாகப் போயிற்று.

சாம்பலைக் கரைத்துவிட்டு வந்த அன்று அம்மா எனக்கு எதிரே உட்கார்ந்தாள். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“வாரத்துல பாதி நாளு எனக்கு, பாதி நாளு அவளுக்கு. நான் ஒரு வார்த்த கேட்டிருப்பேனா உங்கப்பாவ? பொணமாவாச்சும் முழுசா என் வீட்டுக்கு வந்தாருன்னு நெனச்சேன். அந்தப் பேஜுல நான் மட்டும் பெஞ்சாதி, நீ மட்டும் புள்ளன்னு இருக்கட்டும்னு நெனச்சேன். அது ஒண்ணுதான் கேட்டேன். அதையும் பங்கு போட்டுட்டியேடீ.”

நான் அழுதேன். அம்மா மேல் எனக்கு அவ்வளவு கோபம் இருந்தது. அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதும் தெரிந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு என்ன செய்வது?

“பெரிய மனசாம்” என்றாள் அம்மா. “ஊரெல்லாம் சொல்லிட்டுப் போறாளுங்க. எனக்கு வேணாம் அந்தப் பட்டம். மறைச்சத ஒழுங்கா மறை.”

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஷீட்டை ஏற்றினேன். அதை ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும்? தும்முகிற நேரம். அப்பாவின் கைப்பேசி இப்போது அம்மாவிடம் இருந்தது. அதில் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். மனைவி, மகள், அண்ணன் மகன். நடுவே ஒரு வரி இருந்த தடமே தெரியவில்லை. ஒரு பெயரை அழித்தால் காகிதத்திலாவது கொஞ்சம் வெள்ளை இடம் மிஞ்சும், அச்சகத்தில் பார்த்திருக்கிறேன். இங்கே அதுகூட மிஞ்சவில்லை.

அம்மா கைப்பேசியைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து நெடுநேரம் பார்த்தாள். திருப்தி என்று சொல்ல முடியாது. கைப்பேசியை முந்தானையில் துடைத்துச் சாமி மாடத்தில் வைத்தாள்.

அன்று முதல் தினமும் காலையில் விளக்கேற்றியதும் அந்தப் பக்கத்தைத் திறந்து அப்பா முகத்தைப் பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. படத்தோடு நிறுத்த மாட்டாள். கீழே வரை விரலால் தள்ளிப் படித்துவிட்டுத்தான் மூடுவாள். ஆகவே அந்தக் கட்டளையை ஷீட்டிலிருந்து எடுக்க எனக்கு வழி இல்லாமல் போயிற்று. அதே ஷீட்டைத்தான் மற்ற சாவுகளுக்கும் பயன்படுத்துகிறேன். யார் யாரோ செத்தார்கள், பக்கம் செய்தேன். எல்லார் குடும்பத்தையும் வரிசையாகத் தட்டினேன், எதையும் மறைக்க அவசியம் வரவில்லை. ஆனால் திறக்கிற ஒவ்வொரு முறையும் அந்த ஒற்றைக் கட்டளை ஷீட்டின் அடியில் கிடப்பதைப் பார்ப்பேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் தம்பி வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. கூப்பிட எனக்கு எந்த முகம் இருந்தது?

சில மாதங்கள் போயிருக்கும். ஒரு நாள் முற்பகலில் வேலையாக இருந்தேன், வாட்ஸ்அப்பில் அவனிடமிருந்து செய்தி. கூடவே ஒரு படம். டயர் கடை வாசலில் யாரோ எடுத்தது. முடி திரும்ப வளர்ந்து, சுருள் விழ ஆரம்பித்திருந்தது. மீசையும் வந்துவிட்டது. செய்தியை அவன் குரலிலேயே படித்தேன்.

“அக்கா, நல்லா இருக்கீங்களா. பெரியம்மா எப்படி இருக்காங்க. எனக்குப் பொண்ணு பாக்குறாங்க. பொண்ணு வீட்டுல அப்பா யாருன்னு கேட்டாங்க. அப்பா பேஜ காட்டலாம்னு தொறந்தேன். முன்ன தெரிஞ்சது, இப்ப என் பேரு தெரியல. என் போன் பழசு, அதனாலயான்னு தெரியல லா. உங்க கம்ப்யூட்டர்ல இருக்கா?”

ஒரு கைப்பேசி பழைய ஷீட்டைக் கொஞ்ச காலம் தனக்குள்ளேயே பிடித்து வைத்திருக்கும். அவனுடையது அத்தனை நாள் பிடித்து வைத்திருந்திருக்கிறது. இத்தனை நாளும் அவன் தன் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். போட்டியா, மறைச்சியா என்று அம்மா கேட்டபோது அவனும் பக்கத்தில்தான் நின்றான். அவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் போன் பழசு என்று எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறான். அந்த நல்ல குணத்தை என்னால் தாங்க முடியவில்லை.

எடிட்டரில் அப்பாவின் பக்கத்தைத் திறந்தேன். ஸ்டைல் ஷீட்டுக்கும் பக்கத்துக்கும் உள்ள இணைப்பைக் கழற்றினேன். பக்கம் உடுப்பில்லாமல் நின்றது. ஓரம் போயிற்று, விளக்கு எங்கோ மூலைக்குப் போயிற்று, அப்பா முகம் திரை முழுக்கப் பெரிதாக வந்தது. கீழே, எந்த அலங்காரமும் இல்லாத எழுத்தில், மனைவி. மகள். மகன். அவன் பெயர் ஒரு எழுத்துக்கூடக் குறையாமல் அப்படியே இருந்தது.

“இருக்கு தம்பி” என்று தட்டி அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது.

“அப்ப என் போன்லதான் கோளாறு லா அக்கா. சரி, பொண்ணு வீட்டுல நான் வாயால சொல்லிக்குறேன்.”

வரவேற்பறையிலிருந்து அம்மா கூப்பிட்டாள். காலையில் கண் மங்கலாக இருந்ததாம், கைப்பேசியில் அப்பா முகம் சின்னதாகத் தெரிந்ததாம், கம்ப்யூட்டரில் பெரிதாகக் காட்டச் சொன்னாள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வரும் சத்தம் கேட்டது.

நான் ஸ்டைல் ஷீட்டை மறுபடியும் இணைத்தேன்.